கொடி உரசிய இடம்

தண்ணீர் ஊற்றினால் மறைந்துவிடுகிறது.

காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது.

காரின் கருநீலப் பானட்டின் நடுவில், விசிறி விரித்தாற்போல் ஒரு மங்கல். பெயிண்டர் ஜமால் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிருமா?" என்று கேட்டாள்.

"கவலையே படாதீங்கம்மா. கொடி இருந்த தடமே தெரியாது."

அவள் கவலைப்பட்டுத்தான் கேட்டாள். அவர் நினைத்த கவலை அல்ல.

அவள் கணவர் கட்சியில் ஒன்றியத் துணைச் செயலாளர். வீட்டுப் பலகையில் 'துணை' மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுத் தேடினால் கிடைக்கும். பானட்டில் நட்ட கொடிக்கம்பியும் அவரைப் போலவே சற்றுக் குனிந்தே நின்றது. அதனால் கொடியின் நுனி பானட்டை உரசிக்கொண்டே ஊரைச் சுற்றியது.

கொடிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் வண்டியில் இருந்தால் பறக்க வேண்டும். இல்லையென்றால் ரெக்சின் உறையை மாட்டிவிட வேண்டும்.

முடிவெட்டப் போனாலும் கொடி பறந்தது. அவள் கண் ஆபரேஷனுக்குத் தனியாகப் போன அன்று, டிரைவர் இறங்கி உறையை மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

"நீ மட்டும் போறப்ப பறந்தா, எந்திரிச்சு நிக்கிற ஜனம் ஏமாந்துருமேடி."

அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

நிலம் மாநாட்டுக்குப் போனது. வீடு இடைத்தேர்தலுக்குப் போனது. கார் மட்டும் எங்கும் போகாமல் நின்றது. டீசல் இல்லை.

அவர் இறந்த அன்று, கட்சியிலிருந்து கொடி போர்த்த வருகிறார்கள் என்றார்கள். "கெளம்பிட்டாங்க, வந்துக்கிட்டே இருக்காங்க" என்று மத்தியானம் வரை சொன்னார்கள். ஒன்றியச் செயலாளர் பக்கத்துத் தெருவில் நீர்மோர்ப் பந்தல் திறந்துகொண்டிருந்தார். மைக் சத்தம் பிணத்தின் தலைமாடு வரை கேட்டது.

அவள் எழுந்து போனாள். காரிலிருந்த கொடியை அவிழ்த்து வந்து அவர்மேல் போர்த்தினாள்.

சட்டைப் பையை மட்டும்தான் அது மூடியது.

பைக்குள் தலைவர் படம். மெல்லிய வெள்ளைத் துணி வழியே சிரித்துக்கொண்டிருந்தார். தலைவருக்குக் கொடி கச்சிதமாக இருந்தது.

அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது மகன் சென்னையிலிருந்து வருகிறான். இந்தக் காரிலேயே அவளைக் கூட்டிப்போகப் போகிறான்.

"கட்சி வண்டின்னு தெரிஞ்சா எங்க அப்பார்ட்மென்ட்ல அசிங்கம்மா. சுத்தமா எடுத்துரச் சொல்லு."

நல்ல பிள்ளை. அப்பா மேல் பாசம் உண்டு. அடையாளம்தான் ஆகாது.

ஜமால் மங்கலைத் தாண்டிப் பளபளப்பாக இருந்த ஓரங்களையும் தேய்க்க ஆரம்பித்தார்.

"அங்கெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"மினுமினுப்பு இருந்தா மேல அடிக்கிற கிளியர் கோட் பிடிக்காதும்மா. மொத்தத்தையும் மங்கலாக்கிறணும்."

மொத்தமும் மங்கியது.

அவள் எழுந்து வந்து பானட்டின் ஈரத்தில் உள்ளங்கையை வைத்தாள். நகர்த்தினாள். கொடி உரசியது எது, ஜமால் உரசியது எது என்று கைக்குத் தெரியவில்லை.

தண்ணீர் காய்ந்தது. எதுவும் திரும்ப வரவில்லை.

கம்பி இருந்த ஓட்டையை நேற்றே அடைத்துப் பட்டி பார்த்தாயிற்று. கழற்றிய கம்பி மூலையில் சாய்ந்து கிடந்தது. ஜமால் அதை எடுத்து வந்தார்.

"இத பழைய இரும்புக்குப் போட்டுறவாம்மா?"

அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து ரெக்சின் உறையை எடுத்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, வெறுங்கம்பியில் மாட்டினாள்.

ஜமாலுக்குச் சிரிப்பு வந்தது. "கொடியே இல்லையேம்மா. எதுக்கு உறை?"

"அவர் வண்டியில இல்லையே."

சொல்லிவிட்டு, உறையின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள்.