பதினான்காவது கொலை

“நாய் எப்படிங்க மியாவ்னு கத்தும்?”

புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த கணவர் சட்டென்று நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

“அச்சுப்பிழைம்மா. இப்பல்லாம் யாரு ஒழுங்கா புரூஃப் பாக்கறாங்க?”

“லொள்ளுங்கறது மியாவ்னு அச்சாகுமா?”

“குட்டி நாய்தானே. இன்னும் குரல் உடையல போலிருக்கு.”

எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனைவி, “ம்... சரி, மேல படிங்க” என்றாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இருபத்திரண்டு வருடமாக ஒரு வார இதழில் துப்பறியும் நாவல்களுக்கு விமர்சனம் எழுதியவள் அவள். அதிலும் ஒரே வகைதான். பேக்கரி நடத்துகிறவள், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள் என்று யாராவது ஒரு சாதாரணப் பெண், போலீஸ் கோட்டை விட்டதைக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். தரையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாது. செத்தவன்கூடச் சட்டை கசங்காமல் கிடப்பான். கொலைகாரன் யாரென்று பாதிக் கதைக்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால், பத்திரிகை ஆபீசில் அவளுக்கு ‘நாற்பதாம் பக்கம்’ என்றே பட்டப்பெயர்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பார்வை போனது. அன்றிலிருந்து மதியம் மூன்று மணிக்கு அவர் படிப்பார், அவள் கேட்பாள். படித்து முடித்ததும் அவள் சொல்லச் சொல்ல அவர் விமர்சனத்தை எழுதித் தபாலில் போடுவார். முப்பத்தைந்து வருடம் நில அளவையராகச் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்ற மனிதர். வடக்கே வரப்பு, தெற்கே கிணறு என்று வாசித்த அதே குரலில் கொலையையும் வாசிப்பார்.

உள்ளதைச் சொன்னால், அந்த மாதிரிப் புத்தகத்தைக் கண்டாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு அலுப்பா இருந்தா நிறுத்திக்கலாங்க” என்றாள் மனைவி, ஒரு கொட்டாவியை மென்று விழுங்கியபடி.

“எனக்கா? அலுப்பா? அடடா, கதை என்னமா விறுவிறுன்னு போகுது! உனக்கு?”

“எனக்கென்ன, உட்கார்ந்து கேக்கறதுதானே?”

ஏழு மாதத்துக்கு முன் பத்திரிகையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ‘இந்த இதழோடு தங்கள் பகுதி நிறைவு பெறுகிறது. இத்தனை ஆண்டு ஒத்துழைப்புக்கு நன்றி.’ இரண்டே வரி. இருபத்திரண்டு வருட உழைப்புக்கு இரண்டு வரிதானா என்று அவருக்கு வயிறு எரிந்தது. கண் போனதைத் தாங்கிக்கொண்டவள் இதைத் தாங்க மாட்டாள். மூன்று மணிக்காகத்தான் அவள் முகம் கழுவித் தலை வாரிக்கொள்கிறாள். அதுவும் இல்லையென்றால் எதற்காக எழுந்திருப்பாள்? கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். பின்னறை அலமாரியிலிருந்து ஒரு பழைய நாவலை உருவிக்கொண்டு, “புதுசு வந்திருக்கும்மா!” என்று அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

ஆரம்பித்தது அப்படித்தான். இது பதினான்காவது கொலை. எல்லாமே அவள் என்றைக்கோ விமர்சனம் எழுதிய புத்தகங்கள் என்பதால், படிக்கும்போதே எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்தத் தடவை பூக்கடைக்காரியைத் தையற்காரி ஆக்கியிருந்தார். மாமியாரைச் சித்தி ஆக்கியிருந்தார். பூனையை நாய் ஆக்கியபோது அந்த மியாவ் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. இது போதாதென்று மாதம் இரண்டு தடவை, ஏதாவது ஒரு பழைய இதழைச் சரசரவென்று புரட்டி, அச்சில் வராத விமர்சனத்தை வந்ததாக வாசித்துக் காட்ட வேண்டும். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த நாளில்கூட அவர் இப்படி ஓய்ந்துபோனதில்லை.

“படிங்க. சித்தி என்ன பண்ணினா?”

அவர் படித்தார். “சித்தி பால் டம்ளரை எடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். மாமியாரின் கை நடுங்கியது.”

“யாரு மாமியார்? இந்தத் தையற்காரிக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!”

அந்த வீட்டில் இன்னொரு கிழவி இருந்தாள் என்று சொல்லலாம். வேலைக்காரியின் மாமியார் என்று சொல்லலாம். அவருக்கு எதையும் சொல்லத் தெம்பில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

“என்னால முடியலம்மா.”

“என்னங்க, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. புதுப் புத்தகமும் ஒண்ணுமில்ல. எல்லாம் நம்ம பழைய அலமாரிதான். பத்திரிகையில உன் பகுதியை நிறுத்திட்டாங்க. ஏழு மாசமாச்சு. உனக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவியேன்னு நான்தான் மறைச்சுட்டேன்.”

அவள் அழப்போகிறாள் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டோமே என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவள் கையை நீட்டித் துழாவி, அவர் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“எனக்கு அலுத்துப்போச்சு, அந்தப் பகுதியை நிறுத்திடுங்கன்னு பத்திரிகைக்குப் போன் பண்ணினதே நான்தாங்க. அதைச் சொல்லலாம்னு வாயெடுக்கறதுக்குள்ள நீங்க புதுசு வந்திருக்குன்னு குதிச்சுக்கிட்டு வந்தீங்க, நின்னுபோன பகுதியில விமர்சனம் வந்திருக்குன்னுகூட வாசிச்சுக் காட்டினீங்க, சரி, ரிட்டயரான மனுஷனுக்கு இந்தக் கொலையெல்லாம் பிடிச்சுப்போச்சு போலிருக்குன்னு இத்தனை மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன்!”