நிபுணர் கட்டணம் தனி

"மொத்தமே நாலு நிமிஷம் சார். காபி ஆறறதுக்குள்ள எஸ்டிமேட் ரெடி!"

விற்பனையாளர் மடிக்கணினியை மேசையின் குறுக்கே திருப்பி வைத்தார். மின்வேலை காண்ட்ராக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நாலு மாடிப் பள்ளிக்கூடத்தின் வரைபடம். விளக்கு, விசிறி, சுவிட்ச் என்று ஒன்று விடாமல் மென்பொருள் தானே எண்ணி, பச்சைப் புள்ளி வைத்து, ஓரத்தில் பட்டியலும் போட்டிருந்தது.

"ஆயிரத்து இருநூத்தி ஆறு பாயின்ட்! ஏம்மா, இங்க வந்து பாரேன் இந்த அதிசயத்தை!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அலுவலகம் என்பது வீட்டின் முன்னறைதான். அடுத்த மேசையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். பதினோரு வருடமாக இவருடைய எஸ்டிமேட் எல்லாம் அவள் போட்டுக் கொடுப்பதுதான். அதை ஒரு வேலை என்று அவர் நினைத்ததில்லை. மத்தியானம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், ஏதோ தொடர் பார்க்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

இந்த வருடம் இரண்டு வேலை கைநழுவிப் போயிருந்தது. கிடைத்த ஒன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டார். இந்தப் பள்ளிக்கூடமும் போனால் எட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். டெண்டருக்கு இன்னும் பத்தே நாள்.

"இது என்ன தம்பி, மூணாவது மாடியில கூலி மட்டும் ஏறுது?"

"சாமானை மேல தூக்கிட்டுப் போகணுமே சார்! கீழ பத்து நிமிஷத்துல மாட்டற விசிறிக்கு மேல பதினாலு நிமிஷம் ஆகும். அதையும் சேர்த்திருக்கு. வயரும் அப்படித்தான். படத்துல கோடு நேராப் போகும். நிஜத்துல சுவத்துல ஏறி இறங்கணும் இல்லையா?"

காண்ட்ராக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. மாடிப்படியையே பார்த்திராத ஒரு பெட்டிக்கு, மாடி ஏறுகிறவனின் மூட்டுவலி தெரிந்திருக்கிறதே!

"போன வேலையில நானும் அதைத்தாங்க சேர்த்தேன். கூடப் போட்டுட்டேன்னு நீங்கதான் அந்தத் தொகையை வெட்டினீங்க" என்றாள் மனைவி.

"நீ போட்டது மனக்கணக்கு. இது கம்ப்யூட்டர்!"

அவர் கையைச் சுட்டுக்கொண்டது அந்த வேலையில்தான்.

"விலை எண்பதாயிரம்தானே? இப்பவே வாங்கிடறேன்" என்றார் காண்ட்ராக்டர்.

"வேற செலவு ஏதாவது உண்டா தம்பி?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

விற்பனையாளர் மடிக்கணினியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வருஷா வருஷம் புதுப்பிக்கணும் மேடம். இருபதாயிரம்."

"அப்புறம்?"

"சாமான் விலை மாறிக்கிட்டே இருக்கும்ல. அந்தப் பட்டியலுக்குத் தனிச் சந்தா."

"அப்புறம்? கடைசியில இருக்கறதையும் சொல்லிடுங்க."

"நிபுணர் கட்டணம் தனி மேடம். உங்க ஆளுங்களோட வேகம், நீங்க வாங்கற சாமான் எல்லாத்தையும் இதுக்குச் சொல்லிக் கொடுக்கணும். இல்லேன்னா இது வெறும் தகர டப்பா. ஒரு வார வேலை. ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!" என்று சிரித்தாள் மனைவி.

காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. "அவ்வளவு பெரிய ஆளா? யாருப்பா அவரு?"

"நானே பார்த்ததில்ல சார். தலைமை அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். இப்ப பார்த்தீங்களே மாடிக் கூலி, ஏறி இறங்கற வயர், எல்லாம் அவங்க கணக்குதான். ரெண்டு வருஷமா ஒவ்வொண்ணா எழுதிக் கொடுத்திருக்காங்க. ஐநூறு காண்ட்ராக்டருங்க அதை நம்பித்தான் டெண்டர் போடறாங்க."

"அடேயப்பா!" காண்ட்ராக்டர் மடிக்கணினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இருபது வருடம் வயர் இழுத்தவருக்கு அந்த மூளையின் அருமை புரியாதா? "அப்படி ஒரு ஆள் என் பக்கத்துல இருந்திருந்தா நான் ஏன்பா இப்படி நஷ்டப்படறேன்? எவ்வளவு ஆனாலும் சரி, அவரையே வரச் சொல்லு. பேரம் பேசினா அந்த அறிவுக்கே அவமானம்."

விற்பனையாளர் உற்சாகமாகத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, விவரம் சொல்லிவிட்டு வைத்தார். "இப்பவே அவங்ககிட்ட பேசித் தேதி வாங்கறாங்களாம் சார்."

காண்ட்ராக்டர் பெரிய பரீட்சைக்கு முடிவு தெரியப்போகிறவரைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த மேசையில் மனைவியின் போன் அடித்தது.

அவள் எடுத்துப் பேசினாள். "சொல்லுங்க சார்... பள்ளிக்கூட வேலையா? திங்கட்கிழமையே தொடங்கிடலாம், நான் வீட்டை விட்டே நகர வேண்டாம்... ஐயோ, இந்த வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி எல்லாம் வேண்டாம் சார், பதினோரு வருஷமா என்கிட்ட இலவசமாத்தான் வேலை வாங்கிக்கிட்டு இருக்கார்!"