பெக் அண்ட் பெக் கம்பெனி

பதினொரு முறை பொய் சொல்லி எங்களிடம் ஓசியில் சிப் வாங்கப் பார்த்த பெண், கடைசியில் வேலை கேட்டு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

1979. சாண்டா கிளாராவில் நாங்கள் அனலாக் சிப் செய்துகொண்டிருந்தோம். சூடு, சத்தம், அழுத்தம் இதையெல்லாம் அளக்கும்போது வருகிற துளி மின்சாரத்தைப் பெருக்கித் தருகிற சிப், அதைத் தூரத்துக்கு அனுப்புகிற சிப். பத்திரிகையில் புது சிப் அறிவிப்பு வந்தால் போதும், மறுவாரமே மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். "சாம்பிள் அனுப்புங்கள், எங்கள் கருவியில் போட்டுப் பார்க்கிறோம்."

கம்பெனி பெயர் அச்சடித்த தாளில் கேட்டால் இலவசம். தனி ஆளுக்குக் கிடையாது.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு தட்டோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தபால் மூட்டையைப் பிரிக்கிற காலை நேரத்துக்கு எனக்கு இன்னமும் மனசு ஏங்குகிறது.

சாம்பிள் பிரிவு என்னுடையது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு சிப் வெளியே போகாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

வந்தவள் பெயர் ரோவீனா பெக். விண்ணப்பத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டேன். டைப் அடித்ததில் ஒரு எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே எகிறி நின்றது. 'பெக் அண்ட் பெக் கருவிகள், யாக்கிமா' என்று ஒரு வருஷமாக வந்த பதினொரு கடிதமும் அதே டைப்ரைட்டரில் அடித்ததுதான். பதினொன்றிலும் 'கூடாது' என்று சிவப்பு முத்திரை குத்தியிருந்தேன். டிசைன் பிரிவுத் தலைவர் வெர்ன் அவற்றை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தருவார். பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கேட்டு வந்தது, வாடிக்கையாளர்கள் போனில் கேட்கிற சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் வேலை. ஆள் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். அன்று வெர்னோடு உட்காரும் முறை எனக்கு. அந்தப் பதினொரு கடிதமும் இருந்த ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன்.

"பெக் அண்ட் பெக்ல எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "நான் ஒருத்திதான்."

"அப்ப ரெண்டாவது பெக்?"

"அதுவும் நான்தான்."

"கடிதத்துல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். சட்டைக்குக் கஞ்சி போடணுமான்னு கேட்டாங்க."

"எங்க அத்தையோட லாண்டரி சார் அது." தலையைக் குனிந்துகொண்டாள். "ஆப்பிள் கிடங்குல பழம் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. காலேஜ் படிக்கல. கம்பெனிக்குத்தான் சாம்பிள்னு போட்டிருந்தீங்க. அதனால கம்பெனி ஆயிட்டேன். தப்புதான்."

"முதலாளி, இன்ஜினீயர்னு ரெண்டு கையெழுத்தும் நீயே போட்டிருக்க. பொய்க் கையெழுத்துக்காரியை நம்பி எப்படி வேலை தர்றது?"



அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து வைத்தாள். "குளிர்கிடங்குல சூடு ஏறினா, இருநூறு அடி தள்ளி மேஸ்திரி ரூம்ல இது காட்டும். உங்க சிப்பை வச்சுதான் செஞ்சேன்."

மூடியைத் திறந்தேன். உள்ளே எங்கள் சிப்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நான் ஒன்றுகூட அனுப்பவில்லை.

வெர்ன் முதல் முறையாகப் பேசினார். "புது சிப்போட விளக்கத் தாள்ல மூணாம் பக்கம் தப்புன்னு எழுதினது நீங்கதானேம்மா?"

"ஆமா சார். படத்துல சிப்போட ரெண்டாம் கம்பிக்காலும் மூணாம் கம்பிக்காலும் இடம் மாறியிருக்கு. அப்படியே இணைச்சா, சூடானாலும் குளிர்ந்தாலும் அளவு காட்டுற முள்ளு ஒரே ஓரத்துல போய் ஒட்டிக்கும்."

வெர்ன் என் பக்கம் திரும்பினார். "அந்தப் படம் நான் வரைஞ்சது. நாப்பது நிஜக் கம்பெனிக்கு அந்த சிப்பை அனுப்பினோம். ஒருத்தனும் இணைச்சுப் பாக்கல. இல்லாத கம்பெனிதான் பாத்துச்சு."

"இருக்கட்டும் வெர்ன், ஆனா பொய்க் கையெழுத்து..."

"சொல்ல மறந்துட்டேனேம்மா," என்றார் வெர்ன் அவளிடம். "இவர்தான் க்ளைட் ராஸ்முசன், சாம்பிள் பிரிவு."

ரோவீனா சட்டென்று எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்களா சார்? அதான் வேணும்னே சீண்டிப் பாத்தீங்களா? வேலை கிடைக்குதோ இல்லையோ, உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னுதான் கிடங்கு வேலையை விட்டுட்டு ரெண்டு நாள் பஸ்ல வந்தேன். கம்பெனி பொய்னு தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் அனுப்பி, கூடவே ஒரு வரி எழுதி வச்சீங்களே."

ரப்பர் பேண்ட் போட்ட துண்டுத் தாள் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

'கருகிப் போனால் பயப்பட வேண்டாம், இன்னொன்று கேளுங்கள்.' 'மூன்றாவது கடிதம் முன்னதைவிட நன்றாக இருக்கிறது.' ஒவ்வொன்றின் கீழும் க்ளைட் ராஸ்முசன் என்று கையெழுத்து.

என் பெயர்தான். என் கையெழுத்து இல்லை. அந்தக் கோணல் எழுத்தைப் பதினைந்து வருஷமாகப் பக்கத்து அறையில் பார்த்துவருகிறேன். அந்தக் கோணல் எழுத்துக்காரர் பிஸ்கட் டப்பாவுக்குள் மும்முரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லம்மா," என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அப்படிக் கூசிப்போயிருந்தேன்.

அவளை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, வெர்ன் வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவையும் திறந்து கையில் கொடுத்தார்.

"க்ளைட், இதுல மட்டுமாவது உன் கையெழுத்தை நீயே போடுப்பா."