நசாரியோவின் நேர்ச்சை

"கூலி வேண்டாம்னு சொல்றவனை வீட்டுக்குள்ள விடக் கூடாதுடி. எதையோ அமுக்கப் பார்க்கிறான்" என்றார் எவுசேபியோ, சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபடி.

கொல்லையில் நீச்சல் குளம். குளிர்காலம் முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் விட்டதில் பாசி பிடித்துப் பச்சைக் குழம்பாகக் கிடந்தது. ஒரு சாணுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. கரையில் நசாரியோ, மூக்குக்குக் கீழே கைக்குட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, நீளத் துடைப்பத்தால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அமுக்க இங்க என்ன இருக்கு? உங்க முதுகுவலித் தைலமா?" என்றாள் மனைவி சொகோரோ.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். அதற்குள் குளம் தெளியாவிட்டால் பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவதாக மகள் லீதியா சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா வீட்டுக் குளத்தில் சறுக்குமரம் வேறு இருந்தது. முப்பது வருடம் செப்புச் சுரங்கத்தில் பாறை உடைத்த காசில் எவுசேபியோ கட்டிய குளம் இது. பண்டிகையும் அதுவுமாக அந்தம்மாவின் சறுக்குமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அவருக்கு மனசில்லை.

அதற்காகத்தான் திங்கட்கிழமை குளம் சுத்தம் செய்கிற நசாரியோவைக் கூப்பிட்டு விலை கேட்டார். அன்றைக்கு அவன் வாய் ஓயவில்லை. வடிகட்டி அடைத்துக் கிடக்கிறது, குளோரின் பற்றாது, மாதம் நூறு டாலர் என்று அடுக்கினான். எவுசேபியோ பாதிக்குக் கேட்டார். கரையோரம் குனிந்து நின்று கத்திக்கொண்டிருந்தவன், பாதிப் பேச்சில் நின்றுபோனான். வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பச்சைத் தண்ணீரையே வெறித்துப் பார்த்தான். கண் கலங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் வண்டியேறிப் போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து ஒரு சீட்டை நீட்டினான். 'கூலி வேண்டாம். சனிக்கிழமைக்குள் தெளிய வைக்கிறேன்.'

"அந்தத் தண்ணியில மாதாவைப் பார்த்திருக்கான்" என்றாள் சொகோரோ. "தவக்காலத்து நேர்ச்சைங்க இது. வாய் பேசாம, கூலி வாங்காம வேலை செய்யறது. எங்க பெரியப்பா நாப்பது நாள் செருப்பில்லாம நடந்தார்."

"உங்க பெரியப்பாகிட்ட செருப்பே கிடையாது."

மதியம் அவள் சுட்ட மாட்டுக்கறியைத் தட்டு நிறையக் கொண்டுபோனாள். நசாரியோ அதை ஆசை தீரப் பார்த்தான், எச்சில் விழுங்கினான், தலையை ஆட்டி மறுத்துவிட்டான். அவரைக்கொட்டைக் கஞ்சியையும் பாகில் ஊறிய ரொட்டியையும் மட்டும் வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான்.

"வெள்ளிக்கிழமை கறி தொடாதவன் ஊர் பூரா இருக்கான். செவ்வாய்க்கிழமையே தொடாதவனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

தண்ணீர் முழுவதையும் இறைத்துவிடலாம் என்று நசாரியோ சைகை காட்டினான். தண்ணீர் வரியை எவன் கட்டுவது என்று இவர் மறுத்துவிட்டார். அவன் முகம் வாடினாலும் வேலையை விடவில்லை. குளோரினை வாளி வாளியாகக் கொட்டினான். மோட்டாரை ராப்பகலாக ஓடவிட்டான். நாளைக்கு மூன்று தரம் வடிகட்டியைக் கழுவினான். செத்த பாசியை வலையில் அரித்துச் சிமெண்டுத் தரையில் பரப்பி, விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தான். சுரங்கத்தில் தங்கம் கிடைத்தால்கூட எவனும் மண்ணை அப்படிப் பார்த்து எவுசேபியோ கண்டதில்லை.

"இந்தக் கசட்டுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டார். நசாரியோ வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

வியாழக்கிழமை பச்சை போய்த் தண்ணீர் பாலாக வெளுத்தது. அடி மட்டும் தெரியவில்லை. புனித வெள்ளியன்று கலங்கலைப் படியவைக்கிற மருந்தை ஊற்றிவிட்டு, மோட்டாரை நிறுத்தி, கரையில் முழங்காலிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எவுசேபியோவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இப்படிப்பட்ட மனுஷனிடம் போய் அம்பது டாலருக்குப் பேரம் பேசினோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். குளிர்பெட்டியில் இருந்த பன்னிரண்டு பீரையும் எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். இனி ஒரு வருஷத்துக்குப் பீரைத் தொடமாட்டேன் என்று, சொகோரோ சாட்சியாக, மாதா படத்தின் முன் சத்தியம் செய்தார்.

சனிக்கிழமை காலை குளம் கண்ணாடியாக இருந்தது. அடியில் பதித்த ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சமையலறை ஜன்னலோரம் நின்றபடியே லீதியாவுக்குப் போன் போட்டார். பிள்ளைகளுக்கு நீச்சல் உடை எடுத்து வைக்கிறேன் என்றாள் அவள்.

அவர் போனை வைப்பதற்குள் நசாரியோ உடுத்த துணியோடு ஆழமான பக்கத்தில் குதித்தான். மூழ்கி அடிவரைக்கும் போனான்.

"ஞானஸ்நானம்" என்று முணுமுணுத்துச் சொகோரோ சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூடிய கையை உயர்த்தியபடி மேலே வந்தான் நசாரியோ. கரையேறி, கைக்குட்டையை அவிழ்த்து, கையை வாய்க்குள் கொண்டுபோனான். டக்கென்று ஒரு சத்தம். அவன் வாய் நிறையச் சிரித்தபோது, ஐந்து நாள் குளோரினில் ஊறிய பல்செட்டு வெயிலில் பளிச்சென்று மின்னியது.

"பெரியவரே, திங்கக்கிழமை விட்ட இடத்துலருந்து பேசுவோம். மாசம் நூறு, ஒரு காசு குறைக்க மாட்டேன். அம்மா, அந்தக் கறி மிச்சம் இருக்குதா?"

எவுசேபியோவின் கை தானாகக் குளிர்பெட்டிப் பக்கம் போனது. சொகோரோ மாதா படத்தைக் காட்டினாள்.