தலையில் களிமண்

"நீங்க குடுத்த களிமண் பொடி சுத்த ஏமாத்து வேலைக்கா!"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் பொரிந்து தள்ளினாள். அழகு நிலையத்து அக்கா சீப்பைக் கீழே வைத்தார்.

"ஏன், எண்ணெய்ப் பிசுக்கு போகலையா?"

"போகுது. சாயங்காலம் பூசி அலசினா முடி பஞ்சு மாதிரி இருக்கு. காலைல எழுந்தா உச்சியில மறுபடியும் பிசுபிசுன்னு! இன்னிக்கும் அப்படித்தான், பாருங்க. தலைக்குள்ள இருக்கிற களிமண் போதாதா, மேலயும் பூசணுமான்னு அம்மா வேற கிண்டல் பண்றாங்க."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை உட்கார வைத்தார். களிமண்ணைக் குழைத்துப் பூசத் தொடங்கினார்.

"தலையணை உறை மாத்தறியா?"

"தினமும்."

"பொரிச்சது, வறுத்தது?"

"எல்லாத்தையும் விட்டாச்சு."

"மனசுல எதாவது கவலையா? அதுகூடத் தலையில காட்டும்."

அவள் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள்.

"அப்பாதான். புருஷன் வேணாம்னு வந்ததுல இருந்து என்கூட ஒரு வார்த்தை பேசல. நான் எழுந்திருக்கும்போது மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கிட்டு இருப்பாரு. நான் வீட்டுக்கு வரும்போது கிளம்பிட்டு இருப்பாரு. எதிர்ல பட்டாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போறேன். வேண்டாதவளா எத்தனை நாளைக்கு அந்த வீட்டுல இருக்கிறது?"

 அக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

களிமண் காய்ந்தது. அக்கா ஈரத்துணியால் அதைத் துடைத்தெடுத்தார். கை பாதியில் நின்றது.

"என்னம்மா இது, உச்சியில மட்டும் கறுப்பா வருது?" துணியை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "இது தலையில ஊறுற எண்ணெய் இல்லம்மா. கிரீஸு! நீ என்ன வேலை பாக்கறே?"

"துணிக்கடையில பில் போடறேன். அங்க ஏதுக்கா கிரீஸு?"

இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். களிமண்ணில் கலப்படமா என்று அக்கா டப்பாவைத் திறந்து கிளறினார். அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஈரத் தலையோடு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, என் தலையில கிரீஸ் எப்படிம்மா வந்துச்சு?"

"எங்கயாவது பட்டிருக்கும்டி, விடு" என்று அம்மா மழுப்பினாள்.

"அம்மா! உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருடி" என்றாள் அம்மா. "மில்லுல இருந்து வந்ததும் நேரா உன் ரூமுக்குத்தான் போவாரு. தூங்கிட்டு இருக்கிற உன் தலையைத் தடவிட்டே கொஞ்ச நேரம் அழுவாரு. அப்புறம்தான் கையே கழுவுவாரு."