நாற்பத்தொன்று

எங்கள் தீவில் ஒரே நேரத்தில் நாற்பது பேர்தான் இருக்கலாம். நாங்கள் இருபது, சுற்றுலா வருகிறவர்கள் இருபது. என் மகள் பிறந்ததும் படகுத்துறைப் பலகை நாற்பத்தொன்று காட்டியது.

"காசு கட்டி வந்தவங்கள அனுப்ப முடியாது, செல்வின்," என்றார் காவலர். "நீ படகுல இரு. படகு கணக்குல வராது."

பிறந்த பிள்ளைக்கு முதல் சீனித்தண்ணீர் தகப்பன்தான் வைக்கவேண்டும். மாமியார் அவளைத் துறை விளிம்புக்குத் தூக்கிவந்தார். படகில் நின்றபடியே எட்டி, நாக்கில் தொட்டு வைத்தேன். பயணிகள் கைதட்டினார்கள்.

மறுவாரம் சுற்றுலா அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்: 'தினமும் மாலை ஐந்து மணி, சீனித்தண்ணீர்ச் சடங்கு.'

மகளுக்கு இப்போது நான்கு வயது. ஐந்து மணியானால் அவளே துறைக்கு ஓடிவந்து, இன்னும் படகிலேயே இருக்கும் என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறாள்.