மண் போடாத குப்பி

"நீங்க பவுடர் போடுவீங்களா சார்?"

"நானா? சேச்சே! நமக்கெதுக்குங்க அதெல்லாம்."

திங்கட்கிழமை ஜெயமேரி கேட்டதும் நான் சொன்னதும் இவ்வளவுதான். அவள் எங்கள் ஆய்வகத்தின் தற்காலிக உதவியாளர். நான் மண்ணியல் விரிவுரையாளன். முப்பத்தைந்து வயது, முன்வழுக்கை.

வெள்ளிக்கிழமை, பதினோரு மாணவர்கள் நிறமாலைமானியைச் சுற்றி நின்றார்கள். வரிச்சிக்குடி வயல் மண்ணில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

மண்ணை அமிலத்தில் காய்ச்சி, வடிகட்டி, அந்த நீரைச் சுடரில் தெளிப்போம். சுடர் வழியே ஒளி போகும்போது, துத்தநாகம் தனக்குரிய ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளும். வேறு ஒளி பக்கத்தில் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

இதைச் சொல்லும்போது நான் யாரைப் பார்ப்பேன் என்பது மாணவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. மண்ணே போடாமல், அமிலமும் நீரும் மட்டும் ஊற்றிய குப்பி. நானே என் கையால் தயாரிப்பேன். அது பூஜ்யம் காட்ட வேண்டும்.

அன்றும் காட்டவில்லை.

ஒரு மாதமாக இதே கதை. தண்ணீரை மாற்றினேன். அமிலத்தை மாற்றினேன். கடைசியில் கடற்காற்றின் மேல் பழியைப் போட்டேன். அதையும் மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மாணவன் மன்சூர் அலி பதிவேட்டைப் புரட்டினான்.

"சார், ஜெயமேரி மேடம் லீவு போட்ட நாலு நாளும் பூஜ்யம் வந்திருக்குங்க. மத்த நாளெல்லாம் ஏறியிருக்கு. அப்ப குப்பி கழுவுறதுலதான் கோளாறு."

குழாயடியில் குப்பி கழுவிக்கொண்டிருந்த ஜெயமேரியின் கை நின்றுவிட்டது. அவள் வேலையை நீட்டிப்பதா என்று துறைத்தலைவர் அன்று மாலைதான் முடிவு செய்வதாக இருந்தார். அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டும் இருந்தார்.

 அவள் என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை பவுடர் பற்றிக் கேட்டபோது பார்த்த அதே பார்வை.

சட்டைப்பையிலிருந்து முகம் துடைக்கும் கைக்குட்டையை எடுத்து உதறினேன். சன்னல் வெயிலில் வெள்ளையாகப் பறந்தது.

வேர்க்குரு பவுடர். ஜிங்க் ஆக்சைடு என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது; ஜிங்க் என்றால் அதே துத்தநாகம். பத்து வருடமாக உலோகம் அளக்கக் கற்றுக்கொடுப்பவன், அதன் வாசனையைத்தான் பார்த்து வாங்கினேன்.

"கோளாறு என் மூஞ்சியிலப்பா," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், துறைத்தலைவர் உட்பட. மன்சூர் அலி மட்டும் சிரிக்கவில்லை. நான் பயிற்றுவித்த மாணவன் அல்லவா!

"அப்ப மேடம் வராத அன்னிக்கு மட்டும் ஏன் சார் ஏறலை?"

சிரிப்பு நின்றது. 

ஜெயமேரி குழாயை மூடினாள்.

"சொல்லுங்க சார். புள்ளைங்க நோட்டுல எழுதணும்ல?"

இரண்டு வருடமாகச் சவரக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பேச்சில் முன்னுரை, உதாரணம், முடிவுரை எல்லாம் இருந்தன.  கடைசி வரி மட்டும் வாயில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், பொண்ணு கேட்டு எங்கம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பட்டுங்களா?"